பழைய பட்டியல்

20.8.07 திங்கள்

வெயில். கா. 9க்குப் போன கரண்ட் 11க்குத்தான் வந்தது. அதுவரை பிரவுசிங் சென்டரில் ஈ ஓட்டினேன். வாங்க வேண்டியவை: பிரிண்டர் மை, ஊதுபத்தி, ஒரு மவுஸ்.

ஆசிரியர் பயிற்சிச் சேர்க்கைக்கு இரண்டாம் பட்டியல் இன்று இணையத்தில் வருகிறது. மதியம் முனீஸ்வரி வந்தாள். பிளஸ் டூ முடித்தவள், கூலி வேலை பார்க்கும் முத்தையா அண்ணன் மகள். முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இன்றும் நான்தான் தேடினேன், மேலிருந்து கீழ்வரை. இல்லை. சொன்னேன். அழவில்லை. அம்மா சாயல்குடி உப்பளத்தில் வேலைக்குப் போயிருக்கிறாளாம், சாயங்கால பஸ்ஸில் தானும் போகிறாளாம். படிக்கிற பிள்ளை. பாவமாக இருந்தது.

21 செவ்வாய்

காற்று. கீபோர்டு முழுக்கப் புழுதி. மதியம் தேவிபட்டினத்துக்காரர் ஒருவர் வந்தார். தங்கை பெயர் இருக்கிற பக்கம் இன்னொரு பிரிண்ட் வேண்டுமாம். அப்படிப் பெயரே இல்லை என்றேன். ராம்நாட்டில் எடுத்த பிரிண்டை நீட்டினார். இருந்தது. என் திரையில் தேதியைப் பார்த்தேன். முதல் பட்டியலின் தேதி.

என் வேலைதான். மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே ஆமை லைன். முதல் பட்டியல் வந்த அன்று கடை கொள்ளாத கூட்டம். ஒருமுறை திறந்த பக்கத்தைக் கம்ப்யூட்டரே எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாகத் தேடாமல், அதையே காட்டும்படி மாற்றி வைத்தேன். பெரிய கெட்டிக்காரி. கூட்டம் போனதும் திரும்ப மாற்ற மறந்துபோனேன். புதுப் பட்டியல் வந்ததும் அதே இணைய முகவரியில்தான், அதனால் பழையதையே காட்டியிருக்கிறது.

சேர்த்து வைத்ததையெல்லாம் அழித்தேன். திரும்பத் திறந்தேன். நாலு நிமிடம். முனீஸ்வரி பெயர், எண், எல்லாம் இருந்தது. மதுரையில் கலந்தாய்வு. அவள் முறை இன்று கா. 10. போயே போய்விட்டது. கீழே சின்ன எழுத்தில்: முறையைத் தவறவிட்டவர்கள் நாளை மதியம் 2க்கு வரலாம், மீதமுள்ள இடங்கள் மட்டும்.

கடையைப் பூட்டினேன். சான்றிதழ்ப் பையோடு முத்தையா அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சாயல்குடி போய்ச் சேர இருட்டிவிட்டது. பேர் வந்திருக்கிறது என்று மட்டும் முனீஸ்வரியிடம் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. கோழை.

22 புதன்

சாயல்குடியில் முதல் பஸ். மதுரை 11க்கு. சாப்பிடவில்லை. இடம் கிடைத்தது. நீலகிரி. எங்கள் ராம்நாட்டு மாவட்டத்து இடங்கள் நேற்றே முடிந்துவிட்டன. கடைசி இடம், பட்டியலில் இவளுக்குக் கீழே இருந்த பெண்ணுக்குப் போயிருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கேட்டார்: "நேத்தே வந்திருந்தா இங்கனக்குள்ளயே கெடைச்சிருக்குமா தாயி?"

கிடைத்திருக்கும், தப்பு என்னுடையது என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. மெஷின் செய்ததற்கு நீ என்ன செய்வாய் என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெஷின் நான் சொன்னதைத்தானே செய்தது.

முனீஸ்வரிக்கு முழுக்கப் புரிந்தது. பரமக்குடி தாண்டியது. பிறகு மெதுவாக, "எனக்குப் பாக்கத் தெரியாதுன்னுதானக்கா உங்கள்ட்ட வந்தேன்."



23 வியாழன்

தலைவலி. மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் பழையதை அழித்து, அமைப்பையும் மாற்றினேன். எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து திறக்கிறது. இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். போகட்டும். பிரிண்டர் மை வாங்கியாயிற்று.

மா. 4. முனீஸ்வரி. அவ்வளவு தூரமா என்று முத்தையா அண்ணன் யோசிக்கிறாராம். யோசிக்கட்டும், தான் போகத்தான் போகிறேன் என்றாள். சேரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பயிற்சிப் பள்ளியின் பக்கத்தில் போட்டிருக்கிறார்களாம், பார்க்க வேண்டும். வழக்கம்போல நான் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தேன்.

"நீங்க எந்திரிங்கக்கா. நானே பாக்குறேன். மொத பழச எப்படி அழிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க."

எழுந்து நின்று சொன்னேன். அழித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் இன்னொரு தடவையும் அழித்தாள்.