பித்தளை அச்சு

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

குவாந்தானில் வேலை எப்படிப் போகிறது? இங்கே பெருநாளுக்கு பஹுலு கேக் சுட்டாயிற்று. மீன் வடிவம்தான் அதிகம், உங்களுக்குப் பிடிக்குமே.

முட்டையும் மாவும் அடித்து முடித்த நேரத்தில் ரொஸ்னானி என்று ஒரு பெண் வந்தாள். வாசலிலேயே என் கையைப் பற்றி முத்தமிட்டாள்.

"அண்ணி, நான் உங்க தம்பி பொண்டாட்டி. எங்க அக்கா வீட்டு பஹுலு மாதிரி வராதுன்னு தினம் குத்திக் காட்டுறாரு. அவரு அடையாள அட்டையில விலாசம் பாத்து, அவருக்குத் தெரியாம உங்க பித்தளை அச்சு வாங்க வந்தேன்."

எனக்குத் தம்பி கிடையாது. அவள் காட்டிய நிக்காஹ் படத்தில் நீங்கள் ஊதாச் சட்டை போட்டிருந்தீர்கள். நான் தைத்த சட்டை.

அடித்த மாவு காத்திருக்காது. நுரை அடங்கினால் கேக் எழும்பாது. அதனால் அவளை உட்காரச் சொன்னேன். நான் மாவை அச்சில் ஊற்ற, அவள் அதன் மூடிமேல் தணலை அள்ளி வைத்தாள். ஒன்றுகூடக் கருகவில்லை.

"அண்ணன் எங்க, அண்ணி?"

"வெளியூர்ல வேலை."

அச்சைக் கொடுத்தனுப்பிவிட்டேன். பெருநாளுக்கு அங்கேயே சுட்டுத் தருவாள். நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா