இரண்டாவது கையெழுத்து

என்னவனுக்கு,

புயல் நம் கூரையைப் பிய்த்து எட்டு மாதமாகிறது. நீ இறால் படகை விற்றுவிட்டு மாநில எல்லையைத் தாண்டி டெக்சாஸுக்கு வேலைக்குப் போய் ஏழு மாதம். வீட்டைச் சரிசெய்ய நிவாரணக் கடன் தருகிறார்கள். வீடு இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டுமாம்.

"அவரு விட்டுட்டுப் போயிட்டாருன்னு எழுதிக் குடுங்கக்கா, உங்க கையெழுத்தே போதும்," என்றாள் கடன் அலுவலகத்து வெர்லின்.

"வேலைக்குத்தான் போயிருக்காரு."

"போன் பண்றாரா?"

"மழை வரும்போல இருக்கு," என்று எழுந்து வந்துவிட்டேன்.

சமையலறைக்கு மேலே இன்னும் தார்ப்பாய்தான். ஜூனில் மறுபடி புயல் காலம். மனு கொடுக்கப் பத்து நாள் இருக்கிறது.

படிவத்தைத் தபாலில் அனுப்பலாம் என்றுதான் வெர்லின் சொன்னாள். நான் இதோடு வைக்கவில்லை. அனுப்பினால் உன் கையெழுத்து மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

உன் மனைவி