பெவிலியனில் மாட்டிய மட்டை

அன்புள்ள மேவிஸ்,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஆஸ்திரேலியா வெயிலில் கறுத்துப் போனாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மனசு நலமா என்று மட்டும் கேட்காதே. சனிக்கிழமையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறேன், ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று பிசைந்த ரொட்டி மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கை நடுங்குகிறது என்று நினைக்காதே, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் வரும்.

நீ சாதனை செய்த சேதி எங்களுக்கு எப்படி வந்தது தெரியுமா, ரேடியோவில் ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டு பெசி மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வந்தாளே, அதைச் சுற்றிய பேப்பரில்தான் இருந்தது. நாய்க் கண்காட்சிப் படத்துக்குக் கீழே நாலே வரி, பெண்கள் டெஸ்டில் இதுவரை உலகத்தில் யாரும் எடுக்காத ஓட்டங்களை ஒரு யார்க்‌ஷயர் பெண் எடுத்தாள் என்று போட்டு, உன் பேரைக் கடைசியில் ஒட்டவைத்திருந்தார்கள். எண்ணெய் வழிந்த அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதேன். கரிக்கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் ஸ்டம்பு வரைந்து ஆடிய பெண் நீ, மில் பெண்கள் அணியில் சேர்ந்ததும் ஆண்களோடு வேடிக்கைக்கு ஒரு ஆட்டம் வைத்தார்களே, சிரித்துக்கொண்டே பந்து போட வந்தவர்கள் மாலைவரை நீ அடித்த பந்தை ஆற்றில் இறங்கிப் பொறுக்கினார்கள். இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆட்டத்தில் முட்டை போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். இந்தக் கப்பல் பயணத்துக்காகப் பகலெல்லாம் தறியில் நின்றுவிட்டுச் சாயங்காலம் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தாய். இதெல்லாம் அந்த நாலு வரியில் எங்கே இருக்கிறது?

அடுத்த நாளே உன் கிளிஃபர்ட் வந்தான். முதல் சதம் அடித்த பழைய மட்டையைக் கொடுங்கள், நம் ஊர் கிரிக்கெட் கிளப்பில் மாட்டப் போகிறோம் என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, துடைத்து எண்ணெய் தடவிக் கொடுத்தேன். அப்புறம்தான் சொல்கிறான், “சனிக்கிழமை ஆண்டு விருந்துல பெவிலியனுக்குள்ள மாட்டுறோம் மிசஸ் ஹார்டகர், வழக்கம்போல சாண்ட்விச்சை நீங்க பாத்துக்கிட்டா நல்லா இருக்கும்” என்று. நான் ஒரு அசடு, எனக்கு எந்த மேஜையில் இடம் என்று கேட்டேன். அரண்மனையில் மகாராணி நாற்காலியைக் கேட்டதுபோலப் பார்த்தான். “உள்ள பொம்பளைங்க வரக்கூடாதே, உங்களுக்குத் தெரியாததா” என்கிறான், அதையும் சிரித்த முகத்தோடு. அவனுக்கு அதில் ஒன்றும் விபரீதமாகத் தெரியவில்லை, தலைவர் ஓல்ட்ராய்டுக்கும் தெரியவில்லை, கமிட்டியில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. பெசியிடம் சொன்னேன், “மேவிஸோட மட்டைக்கு மெம்பர் பதவி கிடைச்சிருச்சு, மேவிஸுக்குத்தான் கிடைக்கலையாக்கும்” என்றாள்.

உனக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டி அறுத்தேன், நடுவில் ஹாம் இறைச்சி வைத்தேன், பெசியும் நானும் சமையலறைச் சின்ன ஜன்னல் வழியாகத் தட்டுகளை நீட்டினோம். ஓல்ட்ராய்ட் எழுந்து நம் ஊர் மண்ணின் பெருமை என்று ஏதோ பேசினார், மண்ணுக்கு இதில் என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. பிறகு கிளிஃபர்ட் எழுந்தான். ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டேன், அப்படியே எழுதுகிறேன். “இந்த மட்டைக்கு இனிமே வேலை இல்ல. ஜூன்ல மேவிஸ் எனக்குப் பெண்டாட்டி ஆகுறா, அதோட ஆட்டத்துக்கு முழுக்கு. நம்ம மிசஸ் ஹார்டகருக்கும் வயசாகுது, அடுத்த சீசன்ல டீ பாய்லர் பக்கத்துல புது ஆளைப் பாப்பீங்க.” அந்தப் புது ஆள் நீதானாம். ஒரே சிரிப்பு, மேஜையைத் தட்டுகிறார்கள், ஹாம் வாயிலிருந்து தெறிக்கிறது. உன் அப்பாவும் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து கை தட்டினார். எல்லோரும் தட்டினால் அவரும் தட்டுவார், அது அவருடைய வியாதி.

மேவிஸ், கல்யாணம் நிச்சயமானது தெரியும், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆட்டத்தை விடுவதாக நீ எப்போது சொன்னாய்? என்னிடம் சொல்லவில்லையே, போன கடிதத்தில்கூட அடுத்த வருடம் மட்டை வீசும்போது காலடியை எப்படி மாற்றப் போகிறாய் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாயே.

ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை, வெளியே சுற்றி வந்து முன்படியில் ஏறி மெம்பர்கள் வருகிற கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். இத்தனை வருடமாக அது என்னவோ சொர்க்கம் என்று நினைத்திருந்தேனடி! ஈர சாக்ஸ் நாற்றம், பஞ்சு பிதுங்கிய சோபா, சுவரெல்லாம் மீசை வைத்த கிழவர்களின் படம். இதற்குள்தான் நாம் வந்துவிடக் கூடாதாம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். ஓல்ட்ராய்ட், “எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சுதான் நிக்கிறீங்களா மிசஸ் ஹார்டகர்” என்றார். “தெரியுது சார், எம்பொண்ணு மட்டைக்குக் கீழ நிக்கிறேன்” என்றேன். கிளிஃபர்ட் ஓடி வந்து, “ஊர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாதீங்க” என்று காதோடு கெஞ்சினான். “உன்னை ஒண்ணும் பண்ணலப்பா, இதுக்கு இன்னும் வேலை இருக்கு, வீட்டுக்குக் கொண்டு போறேன்” என்று சொல்லி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்தது, பெயரட்டும்.

இதைக் கேட்டுக் கிளப்பில் டீ போட வருகிற பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில் ஆட்டம் தொடங்குகிறது, வருகிற அணிக்கு டீயும் கேக்கும் இல்லாவிட்டால் லீக் முழுக்க மானம் போகும் என்று கமிட்டி நாயாய் அலைகிறது. கிளிஃபர்டே வெண்ணெய் தடவட்டும். உன் அப்பாவோடு நான் பேசுவதில்லை. அவரும் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டு, வெறும் கணப்பைக் கிளறிக்கொண்டு திரிகிறார். இன்று காலைதான் வாயைத் திறந்தார். “எல்சி, ஒருவேளை மேவிஸே விட்டுடறேன்னு சொல்லியிருந்தா நீ என்ன பண்ணுவ?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கடைசி டெஸ்ட் முடிந்த அன்று அடுத்த வருடம் யார் யார் ஆடப்போகிறீர்கள் என்று உங்கள் கேப்டன் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்பாளாம், மில்லில் உன்னோடு தறி ஓட்டியவளுக்கு நீ எழுதியிருந்தாயாம், அவள் சொன்னாள். அந்த நேரத்தில் கிளிஃபர்டை நினைக்காதே. என்னையும் நினைக்காதே, என் கோபத்தைத் தணிக்க நீ மட்டை பிடிக்க வேண்டாம், இந்தக் கோபம் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே என்னிடம் இருக்கிறது. உனக்கே போதும் என்று தோன்றினால் விட்டுவிடு, இந்த மட்டையைப் பரணில் போட்டுவிட்டு உன் கல்யாணத்துக்கு நானே கேக் செய்கிறேன், ஒரு சொல் பேசமாட்டேன். ஆனால் அந்த ஹாம் தின்ற வாய்கள் முடிவு செய்ததை உன் முடிவு என்று என்னிடம் சொல்லிவிடாதே, அதை நான் நம்பமாட்டேன்.

கடவுள் உன் கண்ணுக்கும் காலுக்கும் துணை இருக்கட்டும். வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே, முழங்கால் காயத்தைக் காற்றாட விடு. கிளிஃபர்டுக்கு என்ன எழுதுவதாக இருந்தாலும் முதலில் எனக்கு எழுது. கையைத் தூக்குவதாக இருந்தால் நன்றாக நீட்டித் தூக்கு மேவிஸ், யாராவது பார்க்கிறார்களா என்று பாதியில் நிறுத்தாதே.

இன்னும் கோபம் தீராத
உன் அம்மா,
எல்சி ஹார்டகர்