நாளை நான் கீழே நிற்க வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் கப்பலிலிருந்து எழுதுவது. எனக்கு உடம்பு தேறிவிட்டது, வாந்தி நின்றதிலிருந்து எல்லோரையும்விட ஒரு கரண்டி கூடவே சாப்பிடுகிறேன். நீங்களும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் கண்ணை மூடுகிறேன். விளக்கணைத்த பிறகு எழுதக் கூடாது என்பது இங்கே சட்டம், அதனால் போர்வைக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கப்பல் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியிலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் இப்போது பாய்மரம் ஏறுகிறோம். கேட்டால் நீங்கள் பயப்படுவீர்கள், ஆனாலும் மறைக்க மனசு வரவில்லை. மரத்துக்குக் குறுக்கே நீளக் கட்டைகள் இருக்கின்றன, பாய் அதில்தான் தொங்கும், கட்டைக்குக் கீழே ஓடும் கயிற்றில் கால் வைத்து வரிசையாக நின்று அதைச் சுருட்டிக் கட்ட வேண்டும். இடுப்புவாரில் உள்ள கொக்கியைக் கட்டைமேல் ஓடும் கம்பியில் மாட்டியதும் மாட்டியாச்சு என்று கத்த வேண்டும், கீழே தளத்தில் நிற்பவர் கத்தியவரின் பெயரைத் திருப்பிச் சொல்வார். எல்லாப் பெயரும் சொல்லி முடித்த பிறகுதான் காற்றுக்கு ஏற்றபடி கட்டையைத் திருப்பச் சொல்லலாம். அப்படிக் கீழே நிற்பது எங்களில் ஒருவருக்கு ஒரு நாள் என்று முறை, அன்றைக்குக் கப்பல் முழுக்க அந்தப் பிள்ளை சொன்னபடிதான், கேப்டன்கூடச் சும்மாதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று பீரங்கியின் முறை. பெரிய குரல் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். திடீரென்று காற்று மாறியது, அவன் பதறிவிட்டான். என் பக்கத்துப் படுக்கைக்காரி, ஆடுகிற தளத்தில் அசைந்து அசைந்து நடப்பதால் நாங்கள் வாத்து என்று கூப்பிடுகிறவள், கட்டையின் நுனியில் இருந்தாள். அவள் இன்னும் கொக்கி மாட்டவில்லை, அவள் பெயர் இன்னும் வரவில்லை, இவன் திருப்பு என்று சொல்லிவிட்டான். கேப்டன் நிறுத்து என்று கத்துவதற்குள் கட்டை அசைந்து அவள் கால் நழுவிவிட்டது. நான் அடுத்து நின்றேன் அம்மா, அவள் இடுப்புவாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், இன்னொருத்தி ஊர்ந்து வந்து கொக்கியை மாட்டினாள். முழங்கால் சிராய்த்ததோடு போயிற்று. இறங்கி வந்ததும், சீக்கிரம் இறங்க ஒரு குறுக்கு வழி பார்த்தேன், நீங்க ரெண்டு பேரும் விட மாட்டேன்னுட்டீங்க என்று சிரித்தாள், பிறகு கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. பீரங்கி ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை.

நாளை என் முறை. என்னால் முடியாது என்று கேப்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வேண்டாம்னா விட்டுடும்மா, இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல, காலைல மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லு, அடுத்த ஆளை நிக்க வைக்கிறேன் என்றார். அடுத்த ஆள் மின்னல். எல்லாவற்றிலும் முதலில் முடிக்க வேண்டும் அவனுக்கு, ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டுக்கிட்டு இருந்தா கரை போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று இன்றைக்கு நடந்ததற்குப் பிறகும் சொல்கிறான்.

ஏறுவது எனக்குப் பயமில்லை அம்மா, ஏறச் சொல்வதுதான் பயம். மேலே இருந்தால் என் கை என்ன செய்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கீழே நின்றால் என்னிடம் வாயும் காதும் மட்டும்தான், கால் வைத்து நிற்பது வேறு யாரோ. இந்தப் பயணத்துக்கான அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தீர்களே, அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சற்று முன்னால் வாத்து பக்கத்துப் படுக்கையிலிருந்து என் போர்வையை இழுத்தாள். நாளைக்கும் நான் நுனிக்குத்தான்டி போகப்போறேன், இல்லேன்னா இனிமே ஏறவே மாட்டேன், கீழ நீ நின்னா போறேன், அந்த மின்னல் நின்னான்னா எனக்கு வயித்து வலி, சொல்லிட்டேன் என்றாள். நான் பதில் சொல்வதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் காலையில் கேப்டனிடம் நான் போகப்போவதில்லை, நானே நிற்கப் போகிறேன். காற்று எப்படி வேண்டுமானாலும் மாறட்டும், பாய் கிழிந்தால் கிழியட்டும், ஆமை என்று மின்னல் சிரிக்கட்டும். நுனியிலிருந்து அவள் குரல் வந்து, அவள் பெயரை நான் சொல்லி முடிக்கும்வரை திருப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வராது.

முதுகு வலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், நான் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தம்பி என் சைக்கிளை எடுத்தால் எடுக்கட்டும், பிரேக்கை மட்டும் அப்பா ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது என்னுடைய நாளை என்றோ முடிந்திருக்கும், இருந்தாலும் படித்ததும் எங்கள் எல்லோரையும் ஆசீர்வாதம் செய்யுங்கள், நுனியில் நிற்கிறவளை முதலில்.

உங்கள் அன்பு மகள்