பேருந்தைக் கொண்டுவந்த உன் சித்தி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், உன் சௌக்கியத்தை உன் கையாலேயே நாலு வரி எழுதினால் மனசு ஆறும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, நடக்கச் சொன்னால் மட்டும் உடனே வலி வந்துவிடுகிறது. வாசல் அறையில் புதுத் தையல் மிஷின் போட்டாயிற்று, பழையது போல நூலை அறுப்பதில்லை. பள்ளிக்கூடச் சீருடை குவிந்து கிடக்கிறது. அங்கே குளிர் என்கிறாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு பார்க்காதே.

மாடியில் உன் சித்தியும் நலம். அவள் நலத்துக்கு என்ன குறைச்சல், தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. நம் தெருவுக்குப் பேருந்து கிடையாது, பெரிய சாலை வரை நடந்துதான் சாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். இவள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு மனுப் போட்டு, பேருந்துகள் ஓடிய கணக்கின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டாள். பார்த்தால் அரசாங்கக் காகிதத்தில் வருஷக்கணக்காகக் காலையும் மாலையும் நம் தெரு வழியாகப் பேருந்து போய்க்கொண்டே இருக்கிறதாம். நகலை டீக்கடைச் சுவரில் ஒட்டினாள், கொஞ்ச நாளில் நிஜப் பேருந்தே வந்து நின்றது. முதல் நாள் ஓட்டுநர் இறங்கி வந்து 'நீங்க முன்னாடி உக்காருங்கம்மா' என்று அவளுக்கு இடம் கொடுத்தார், நான் பின்னால் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு வயிறு எரிந்தது. வங்கியில் சீட்டு நிரப்பத் தெரியாமல் என்னிடம் வந்து நின்றவள் இவள். இப்போது சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுகிறாள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். என்னிடம் தைக்க வருகிறவர்கள்கூட அளவு கொடுத்த கையோடு 'மாடில இருக்காங்களா' என்று கேட்டுப் படியேறிவிடுகிறார்கள். அன்றிலிருந்து நான் அந்தப் பேருந்தில் ஏறுவதில்லை, நூல் வாங்கக் கடைவீதிக்கு நடந்தே போகிறேன். 'பஸ் மேல என்னடி கோவம்' என்கிறார் அப்பா. அவருக்கு என்ன தெரியும்.

இவளுக்கு இவ்வளவு மூளை எங்கிருந்து வந்தது, பின்னால் எவனோ வக்கீல் இருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். அதனால் நானும் அதே அலுவலகத்துக்கு ஒரு மனுப் போட்டேன். சித்தி பெயரைப் போட்டு, இவர் இதுவரை கொடுத்த மனுக்கள் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும் என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். அந்த அலுவலகத்தில் எல்லாமே வெளிப்படையாம், யார் என்ன கேட்டார்கள் என்பதையும் வாராவாரம் வாசல் பலகையில் ஒட்டிவிடுவார்களாம். கேட்டவர் நான், கேட்கப்பட்டவர் அவள், இரண்டு பேருக்கும் ஒரே வீட்டு எண். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

பலகையைப் பார்த்துவிட்டுச் சித்தி நேரே வந்து என் மிஷின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. 'என்னையே கேட்டிருக்கலாமேக்கா, மாடிப்படி ஏறினா போதுமே' என்றாள். அப்புறம்தான் சொன்னாள், 'அதெல்லாம் நான் எங்க எழுதினேன், நம்ம பொண்ணுதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன்ல சொல்லச் சொல்ல எழுதிக்குவேன், கையெழுத்து மட்டும்தான் என்னோடது, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்' என்று. 'தெரியுமே' என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினேன், ஊசியில் நூலே இல்லை.

ஏண்டி, ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணினால் 'வேலை இருக்கும்மா, வெச்சிடறேன்' என்பாயே, அந்த வேலை இதுதானா. பேருந்து விஷயத்தை முதலில் என்னிடம்தான் சொன்னாயாம், நான்தான் வேலையத்த வேலை என்றேனாம். சொல்லியிருப்பேன். ஆயிரம் வேலைக்கு நடுவே அம்மா சொல்வதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொள்வதா, இன்னொரு தடவை கேட்டால் வாய் வலிக்குமா. ஊர் மெச்சுவதை அவளே வைத்துக்கொள்ளட்டும், பேருந்தின் முன் சீட்டையும் வைத்துக்கொள்ளட்டும். அவளிடம் நீ மணிக்கணக்கில் பேசியிருக்கிறாய், நான் கீழே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்ததெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலில் எனக்குப் பேசு. எனக்கும் ஒரு மனு எழுத வேண்டும். எதைப் பற்றி என்று இன்னும் யோசிக்கவில்லை. நீ சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன், மெதுவாகவே சொல், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்