அல் ஐன் போகும் இரண்டு சாலைகள்

ரோலா, ஷார்ஜா
5.2.2006

திரு. ஸ்ரீகாந்த் அவர்களுக்கு,

வீரபாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மீனாம்பாளும் இருக்கிறோம். அங்கே குழந்தை ஸ்வாதி சுகமாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் சத்தம் போடுகிறேன், நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் முதல் வரியையாவது படித்துவிட்டுத்தான் கிழிக்க முடியும். எங்கள் கேரேஜுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுவரும் காதர் மைதீன் திங்களும் வியாழனும் உங்கள் அல் ஐனுக்கு லோடு எடுத்துப் போகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவனிடம் வாயால் சொன்னால் போதும்.

மீனாம்பாள் போன வாரம் விசிட் விசாவில் வந்திருக்கிறாள். எங்கள் கேரேஜ் முதலாளி, அர்பாப், எடுத்துக் கொடுத்த விசா. உங்களிடம் நான் கேட்கவில்லை. ஆண்கள் மட்டும் தங்கும் லேபர் கேம்பில் பெண்பிள்ளையை வைத்திருக்க முடியாது என்பதால் ரோலாவில் ஒரு மலையாளிக் குடும்பத்தின் பிளாட்டில் ஒரு ரூம் எடுத்திருக்கிறேன். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. ஆனால் மதியம் பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறாள்.

பதினாறாம் தேதி நீங்கள் குழந்தையோடு கனடாவுக்குப் போகிறீர்கள் என்பது அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம். போவதற்கு முன் ஒரே ஒரு பகல், இந்த வெள்ளிக்கிழமை, ஸ்வாதியை எங்களிடம் விட வேண்டும். இது பிச்சை இல்லை. என் மகள் செண்பகவல்லி பெற்ற பிள்ளை அவள்.

ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் கிளம்புவேன். இந்த மாதத்தில் காலையில் பனிமூட்டம் இறங்குகிறது. அப்படி இருந்தால் ஓரமாக நிறுத்தி, கலைந்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். கேரேஜ் பிக்கப் குலுக்கும் என்பதால் ஒரு நல்ல கார் கேட்டு வைத்திருக்கிறேன். பிரேக், டயர், ஏசி எல்லாம் என் கையால் பார்த்தாகிவிட்டது. நூற்றிருபதைத் தாண்டினால் மணி அடிக்கும் வண்டி. குழந்தை இருக்கும்போது அந்த மணி அடிக்காது. வண்டியில் அவளுக்கு வாந்தி வரும் என்று செண்பகம் முன்பு சொல்லியிருக்கிறாள். ஊரிலிருந்து வந்த உப்பு நார்த்தங்காய் இருக்கிறது, ஒரு துண்டு வாயில் போட்டால் அடங்கிவிடும். பின்சீட்டில் மீனாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். மதியச் சாப்பாடு இங்கே. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி விட வேண்டும் என்று மீனாம்பாளுக்கு ஆசை. இருட்டுமுன் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவேன். வழியில் எங்கே மணல் ஏறிக் கிடக்கும், எங்கே ஒட்டகம் குறுக்கே வரும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்து ஹாரன் அடிப்பேன். மேலே வரமாட்டேன். வாட்ச்மேனோடு குழந்தையை இறக்கி அனுப்புங்கள்.

ஏன் வரமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது என் மகள் அல் ஐன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்கு முன்பே மாதக்கணக்கில் வியாதி. நான் ஷார்ஜாவில் இருந்துகொண்டே அதை அறியவில்லை. போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்பாள். குரல் ஏன் கம்மியிருக்கிறது என்றால் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். கடைசியில் நான் பிளேன் ஏறி வந்து சேருவதற்குள் இங்கேயே தகனத்தை முடித்துவிட்டீர்கள். பெற்றவள் முகம் பார்க்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணையும் சுடுகாட்டுக்கு எடுத்ததில்லை. நாதியில்லாதவளுக்குக்கூட அண்ணன் முறையில் யாராவது ஒருத்தன் சேலை எடுத்துவந்து போர்த்துவான். என்னைப் பெட்டியில் அடைத்துச் சரக்கு மாதிரி ஊருக்கு அனுப்பாதீர்கள் என்று அவளேதான் கேட்டுக்கொண்டாள் என்றீர்கள். நான் நம்பவில்லை. அன்றைக்கு உங்கள் வாசலில் நின்று, இனி இந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை.

வெள்ளிக்கிழமைக்குப் பதில் சொல்லி அனுப்பவும்.

இப்படிக்கு,
செண்பகவல்லியின் தகப்பன்
சு. வீரபாண்டி


ரோலா, ஷார்ஜா
8.2.2006

ஸ்ரீகாந்த் அவர்களுக்கு,

காதர் மைதீன் வந்தான். வந்ததும் வராததுமாக, "அண்ணாச்சி, வண்டில ஏத்துன கியர்பாக்ஸெல்லாம் லேசு. உங்க கடுதாசிதான் கனம். அடுத்த தடவ வாடகை வாங்கிருவேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் அதற்குமேல் வரவில்லை.

நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னான். ஷார்ஜா வரை வந்து அன்றைக்கே திரும்புவது குழந்தைக்கு ஆகாது. அம்மா போனதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. முன்பின் பழகாதவர்களோடு தனியாக அனுப்ப முடியாது. பாதி வழியில் ஒரு பெட்ரோல் பம்ப், பக்கத்தில் கஃப்டீரியா இருக்கிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நீங்களே கூட்டிவருவீர்கள். அங்கேயே பார்த்துவிட்டுப் போகலாம்.

முன்பின் பழகாதவர்கள் என்றீர்களாம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் என்ற முறைப்படி அந்தப் பிள்ளை பிறந்தது கோவில்பட்டியில். அவளை முதலில் காலில் போட்டுக் குளிப்பாட்டியது மீனாம்பாள். நீங்கள் அன்றைக்கு அல் ஐனில் இருந்தீர்கள். பிள்ளை யார் ஜாடை என்று போனில் கேட்டீர்கள். இதை உங்களுக்கு நினைவூட்டும்படி ஆகிவிட்டது.

காதர் ஒரு பேச்சை மட்டும் விழுங்கப் பார்த்தான். விடாமல் கேட்டு வாங்கினேன். "பெரியவர் சாயங்காலம் பிள்ளையைத் திருப்பிக் கொண்டாந்து விட்ருவாரா" என்று அவனிடம் கேட்டீர்களாம். என் பாஸ்போர்ட் அர்பாபின் அலமாரியில் இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் எந்த ஊருக்கு ஓடுவேன்?

வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பத்தான் இருந்தேன். மீனாம்பாள், "பாதி வழியோ முழு வழியோ, பிள்ளைய எங் கண்ணுல காட்டுங்க. மத்தத நீங்க ரெண்டு பேரும் பெறகு வச்சுக்கோங்க" என்றாள். அவளுக்காகச் சம்மதிக்கிறேன். உங்களுக்காக இல்லை.

அந்தப் பம்ப் எனக்குத் தெரியும். அந்தக் கஃப்டீரியாவில் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். எனக்கு வழி சொல்ல வேண்டாம், காதரிடம் விளக்கி அனுப்பவும் வேண்டாம். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அங்கே இருப்பேன்.

குழந்தைக்கு அங்கே பரோட்டா வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மீனாம்பாள் பருப்புச் சோறும் நெய்யும் கொண்டுவருவாள். காற்று அடிக்கும், ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிவாருங்கள். ஸ்வாதி இப்போது இங்கிலீஷ்தான் பேசுகிறாளாம். நானே போர்டுகளையும் பழைய மேனுவல்களையும் பார்த்து எழுத்துக்கூட்டிக் கற்றவன். தெரிந்த மட்டில் மீனாம்பாளுக்கு ‘கம்’, ‘ஈட்’, ‘சிட்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.

என்னோடு பேச வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. நீங்கள் ஒரு மேசையில் உட்காருங்கள், நாங்கள் ஒரு மேசையில் உட்காருகிறோம். குழந்தை நடுவில் போய்வந்து கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
சு. வீரபாண்டி


ரோலா, ஷார்ஜா
12.2.2006

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இதைக் கிழித்துவிடத்தான் தோன்றும். காதர் மைதீன் எதிரில் நிற்பான். அவன் முகத்துக்காகவாவது படித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் வராமல் இல்லை. மலீஹா தாண்டி, மதாம் ரவுண்டபவுட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பம்பில் பத்து மணிக்கே வண்டியை நிறுத்திவிட்டேன். தொழில்பேட்டைக்காரனுக்கு அல் ஐன் ரோடு என்றால் அதுதான். லாரியும் ரிக்கவரி வண்டியும் போகிற ரோடு. இத்தனை வருஷமும் நான் போனது அதில்தான். துபாயிலிருந்து வரும் பெரிய ரோட்டில் ஃபகாவில் ஒரு பம்ப் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலும் ஒரு கஃப்டீரியா இருக்கிறது, துபாய்க்குப் போய்வருகிற உங்களுக்குப் பாதி வழி என்றால் அதுதான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. உங்களுக்கும் எங்கள் ரோடு ஞாபகம் வரவில்லை.

மீனாம்பாள் கஃப்டீரியாவில் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சோற்றுத் தூக்கை ஆறிவிடாமல் முந்தானையால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். "ஒரு போன் போட்டுப் பாருங்களேன்" என்றாள். இடத்தைச் சொன்னவர் அவர், அவர்தான் போட வேண்டும் என்றேன். இரண்டு மணிக்கும் கேட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னேன். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. சார்ஜும் இருந்தது.

பிறகு அவள் கேட்கவில்லை. வேறொன்று சொன்னாள். "‘பெட்டில வேண்டாம்’னு அவளேதாங்க சொல்லியிருப்பா. உங்க மக இல்ல? நோவ மறைச்சதும் அவதான், இதச் சொன்னதும் அவதான். அந்த மனுசன் அவ பேச்சக் கேட்டுட்டு இத்தன நாளா உங்ககிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு இருக்காரு" என்றாள். நான் எழுந்து போய் வண்டியைத் துடைத்தேன். துடைக்க அதில் தூசி இல்லை.

சனிக்கிழமை காதர் ரூமுக்கே வந்துவிட்டான். முதல்நாள் சாயங்காலம் நீங்கள் அவனைப் போனில் கூப்பிட்டு, உங்கள் அண்ணாச்சிக்கு வாக்கு என்றால் என்னவென்று தெரியுமா என்று சத்தம் போட்டீர்களாம். எந்த இடத்தில் நின்றீர்கள் என்று உங்களைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவனுக்கு விளங்கியிருக்கிறது. என்னிடம் வந்து, "ரெண்டு பேரும் ரெண்டு ரோட்டுல, ஆளுக்கொரு போன கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நல்லா இருக்கு அண்ணாச்சி உங்க சம்பந்தம்" என்றான். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தான். முடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழந்தை பாவாடை சட்டை போட்டு வந்திருந்தாளாம். பம்புக்குள் நுழைகிற ஒவ்வொரு வண்டியையும் காட்டி, ‘இஸ் இட் தெம்?’ என்று உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். காதர் அதைச் சொன்னதும் மீனாம்பாள் அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை உங்களுக்கு பிளேன். அதற்கு முன் வெள்ளிக்கிழமை இல்லை. புதன்கிழமைக்கு லீவு கேட்டுவிட்டேன். ஃபோர்மேன் நான் இல்லாமல் எப்படி என்று அர்பாப் இழுத்தார். கலாஸ், முடிந்தது, வேலையே வேண்டாம் என்றேன். கொடுத்துவிட்டார்.

பாதி வழி, கால் வழி எதுவும் இனி வேண்டாம். முழு வழியும் நானே ஓட்டி வருகிறேன். எந்த ரோடு என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். இரண்டும் உங்கள் வீட்டில்தான் வந்து முடிகிறது.

மீனாம்பாள் மேலே வருவாள். கதவைத் திறந்துவிடுங்கள். ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்கு அடியில் ஒரு சேலை வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். என்ன சேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செண்பகம் படுத்திருந்த கட்டில் இருந்தால் அதன்மேல் கொஞ்ச நேரம் விரித்துவைக்க விடுங்கள். சாமான்களைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த இடத்தைக் காட்டினால் போதும். சத்தம் போட்டு அழமாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன். குழந்தை பயந்துபோவாள் என்று உங்களுக்குப் பட்டால் அதுவும் வேண்டாம். பிள்ளைக்குத் தலை மட்டும் வாரிவிட்டு வந்துவிடுவாள்.

நான் கீழே வண்டியிலேயே இருப்பேன். சொன்னது சொன்னதுதான். நீங்கள் இறங்கிவந்து என்னைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் கூப்பிடாமல் இருப்பது நல்லது.

கனடாவில் ரோட்டின் மேல் ஐஸ் படிந்திருக்குமாம். கண்ணுக்கே தெரியாதாம். பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காதீர்கள். புது ஊர், வழி தெரியாவிட்டால் நிறுத்தி யாரிடமாவது கேளுங்கள். ஸ்வாதியை எப்போதும் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவையுங்கள். நீங்களும் பத்திரமாக இருக்க வேண்டும். அவளுக்கு இனி நீங்கள் ஒருவர்தான். எங்கே போனாலும் இருட்டுமுன் இரண்டு பேரும் வீடு வந்து சேர வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உங்கள் ஹால் ஜன்னல் ரோட்டைப் பார்த்துத்தானே இருக்கிறது? புதன்கிழமை அதன் திரையை மட்டும் விலக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஸ்வாதியின் தாத்தா
வீரபாண்டி