பதினாறு பேர் உட்கார்ந்த பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

நேற்று சாயங்காலம் ஓட விட்ட கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கிற ஃபேன் மாவு மெஷின் மாதிரி இரைகிறது. பேத்தியின் அறை என் அடுப்படியைவிடச் சூடு. இத்தனையும் எதற்கு? ஒரு நாய் தலையைத் திருப்புவதற்கு.

குடை விற்கிற நாயின் கதை. எட்டு நிமிஷ கார்ட்டூன். டிவிக்காரர்கள் இவளை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். படிப்பை முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மே பதினைந்துக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். வரைந்து முடித்துவிட்டாள். வரைந்ததற்கு வெளிச்சம், நிழல் எல்லாம் போட்டுப் படமாக்கித் தர வேண்டியது கம்ப்யூட்டரின் வேலை. அதுதான் நகர மாட்டேன் என்கிறது. நாய்க்கு உடம்பெல்லாம் முடி. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியாக வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிறதாம்.

மொட்டை நாயாகப் போட்டால் என்ன என்று கேட்டேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பேசிவிட்டாள். புது பிராசசர் வரப்போகிறதாம். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியாம் அது. அதில் பதினாறு கோர்.

கோர் என்றால் என்னவென்று கேட்டேன். "ஒரே பெட்டிக்குள்ள பதினாறு பேர் உக்காந்து வேலை பாக்கற மாதிரி பாட்டி."

"நம்மளதுல எத்தன பேர்?"

"நாலு. அதுல ஒருத்தர் பாதி நேரம் தூங்கறார்."

சிரித்தேன். சிரித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அடுத்த மாதம் அது வருமாம். விலை கையைக் கடிக்குமாம். ஆனால் அது வந்ததும் இப்போது கடையில் இருக்கிற பன்னிரண்டு பேர் பெட்டி பாதி விலைக்கு இறங்கிவிடுமாம். அதனால் பொறுக்க வேண்டுமாம். இன்றைக்கு வாங்குகிறவன் ஏமாளியாம்.

மே பதினைந்தும் பொறுக்குமா? அதற்கு, புதுசைப் பற்றி ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

மார்ச் 11, புதன்

இன்றும் அதே வீடியோ. இன்னும் பிறக்காத சாமானைப் பற்றி ஒரு தாடிக்காரன் முக்கால் மணி நேரம் பேசுகிறான். இவள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கேட்கிறாள்.

மார்ச் 19, வியாழன்

டிவியிலிருந்து மேற்பார்வைக்காரர் போன் பண்ணினார். ஏப்ரல் கடைசிக்குள் பாதியாவது கண்ணில் காட்டுங்கள் என்றாராம். இவளிடம் இருப்பது ஒன்றரை நிமிஷம்.

என் மகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். கடன் வாங்கியாவது இருக்கிறதை வாங்கித் தொலை என்கிறாள் அவள். வாங்கின மறுவாரம் விலை இறங்கினால் யார் அழுவது என்கிறாள் இவள். அம்மாவும் பெண்ணும் கத்துவதைக் கேட்க மூன்றாம் மாடிக்காரி படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு வேறு என்ன வேலை. தன் பேரன் இன்ஜினியர் என்று லிஃப்டில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை சொல்கிறவள். நான் கதவைச் சாத்தினேன்.

மார்ச் 28, சனி

புதுசு இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போய்விட்டதாம். தாடிக்காரன் சொல்லிவிட்டான்.

அது போகட்டும். இறங்கும் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேர் பழசின் விலை ஏறியிருக்கிறது. எல்லாரும் இவளைப் போலவே காத்திருந்து, புதுசு வராத கோபத்தில் ஒரே நாளில் போய்ப் பழசை வாங்கிவிட்டார்களாம். கடையில் நாலே நாலுதான் மிச்சமாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஏப்ரல் 7, செவ்வாய்

கம்ப்யூட்டர் நடுவழியில் நின்றுவிட்டது. மூன்று நாள் வேலை போச்சு. நாய் குடையை விரிக்கவே இல்லை.

ஏப்ரல் 22, புதன்

வாங்கிவிட்டேன்.

பேத்தியிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. என் தையல் வேலைக்கு ஓவர்லாக் மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். துணி ஓரத்தை இன்னும் கொஞ்ச நாள் பழைய மெஷினிலேயே அடித்தால் குறைந்தா போய்விடும்? கடை திறக்குமுன்பே வாசலில் பையன்கள் வரிசை. நடுவில் நான் ஒருத்தி, கைப்பையோடு. புது பதினாறு பேர் பெட்டி வந்திருப்பதே ஆறுதானாம். ஐந்தாவது எனக்கு.

இவ்வளவு பணத்துக்கு ஒரு பிஸ்கட் அளவுதான் சாமான். அதற்குத் தலையணை பெரிசுக்கு அட்டைப்பெட்டி. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுக்கேத்த போர்டு இருக்காம்மா வீட்ல?" என்று கேட்டார். என் பின்னால் நின்ற பையன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. "எங்க வீட்ல எல்லாம் இருக்கு. என் பேத்தி டிவிக்குப் படம் பண்றா" என்றேன்.

வரும்போது லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரி. பெட்டியில் என்ன என்றாள். சும்மா சொன்னால் நம்புவாளா? பெட்டியின் சீலைப் பிரித்துக் காட்டினேன். உன் பேரனிடம் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டாம் மாடியிலேயே இறங்கிவிட்டாள் அவள்.

பேத்தி வெளியே போயிருக்கிறாள். வரட்டும்.

ஏப்ரல் 23, வியாழன்

பொருந்தவில்லை.

பழைய கம்ப்யூட்டரில் அது உட்காரவே உட்காராதாம். அது உட்காருகிற பலகை வேறு. அந்தப் பலகைக்கு மெமரி வேறு, சூடு தணிக்க ஃபேன் வேறு, கரண்ட் கொடுக்கிற டப்பா வேறு. எல்லாம் சேர்ந்தால் நான் கொடுத்ததைப் போல் இன்னொரு மடங்கு. கடைக்காரர் கேட்ட போர்டு அதுதான்.

திருப்பிக் கொடுக்கப் போனோம். சீல் பிரித்த சாமானை வாங்க மாட்டோம் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

எனக்கு வேணும். நல்லா வேணும். எவளோ ஒருத்தி வாயடைக்கணும்னு சீலைக் கிழிச்சேன் பாரு — என்ன கண்டேன்? இவ ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறும். "பரவால்ல பாட்டி"ங்கறா. பரவால்லையாம். போன்ல டிவிக்காரருக்கு என்ன எழுதறதுன்னு அடிச்சு அடிச்சு அழிக்கறா.

ஏப்ரல் 26, ஞாயிறு

இந்தச் சாமானுக்கு ஊரெல்லாம் அடிதடியாம். கடை எதிலும் இல்லை. போனில் ஏதோ குழுவில் பேத்தி படம் எடுத்துப் போட்டதும், சீல் பிரித்ததானாலும் பரவாயில்லை, விலைக்கு மேலேயே போட்டுத் தருகிறேன் என்று ஆள் மேல் ஆள். வித்துவிடலாம், உங்கள் பணம் திரும்பிவிடும் என்றாள். சரி, உன் படம்? அதற்குத் தோளைக் குலுக்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் போன் பண்ணினாள். கட்டட கம்பெனிகளுக்கு, கட்டாத வீட்டைக் கட்டின மாதிரி படம் போட்டுக் கொடுக்கிறவளாம். பலகை, மெமரி, ஃபேன் எல்லாவற்றையும் முன்னாடியே வாங்கி மாட்டி, இந்த ஒன்றுக்காக நாலு மாதமாகக் காத்திருக்கிறாளாம். "காலிப் பெட்டிய தினம் தொடச்சு வெக்கறேங்க" என்றாள்.

போனை வாங்கினேன். விற்கிறதாக இல்லை என்று சொன்னேன். பிறகு, "பெட்டிய இங்க எடுத்துட்டு வாம்மா. பகல்ல நீ ஓட்டு, ராத்திரி இவ ஓட்டட்டும்" என்றேன். தையல் யூனிட்டில் பதினோரு வருஷம் ஒரே மெஷினை நானும் இன்னொருத்தியும் அப்படித்தான் ஓட்டினோம். அவள் எழுந்த முக்காலியின் சூடு ஆறுமுன் நான் உட்காருவேன்.

"கைக்குழந்தை இருக்கு எனக்கு" என்றாள்.

அதையும் எடுத்துக்கொண்டு வா என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

வந்தாள். பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே கலர் கலராக விளக்கு. எதற்கு விளக்கு? உள்ளே இருக்கிற பதினாறு பேருக்கு இருட்டென்றால் பயமா? சாப்பாட்டு மேஜை போனது.

மாட்டி முடித்து முதலில் நாயை ஓட விட்டார்கள். ஒரு பேண்ட்டுக்கு அடி மடித்து, இரண்டு ஜிப் மாற்றி நிமிர்கிறேன், நாய் தலையைத் திருப்பிவிட்டது. பேத்தி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். அந்தப் பெண் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினாள்.

மே 4, திங்கள்

வீடா இது? தரையெல்லாம் வயர். குழந்தை அதைப் பிடித்து இழுக்கிறது, நான் குழந்தையைப் பிடித்து இழுக்கிறேன். அது தூங்கினால் மிக்ஸி போடக் கூடாது, கம்ப்யூட்டர் ஓடினால் இஸ்திரிப் பெட்டி போடக் கூடாது. மின்சார பில் வரும்போது மகள் என்னைத்தான் கேட்பாள். படம் ஐந்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மே 9, சனி

பேச வேண்டியதாகிவிட்டது. அந்தப் பெண்ணின் கம்பெனிக்காரர் அவசரம் என்று நச்சரிக்க, அவள் இரண்டு ராத்திரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். பேத்தி ஊமை. வியாழனும் போச்சு, வெள்ளியும் போச்சு. நான் கேட்டேன்.

"சிப்பு உங்களுது. மத்ததெல்லாம் என்னதும்மா" என்றாள்.

"சரி, சிப்பக் கழட்டி இவ கையில குடு. மத்ததெல்லாம் வெச்சுத் தொடச்சிட்டு உக்காரு" என்றேன்.

முகம் சிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெட்டியை விட்டுவிட்டுத்தான் போனாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது தப்பா?

மே 10, ஞாயிறு

கதவைத் தட்டினாள். குழந்தைக்கு மாற்றுத் துணிப் பை இங்கே இருந்துவிட்டதாம். பை கையில் வந்த பிறகும் நின்றாள். பதினைந்து வரைக்கும் பகலையும் பேத்தியே எடுத்துக்கொள்ளட்டும், அதற்கப்புறம் ஒரு வாரம் முழுக்கத் தனக்கு என்றாள். கம்பெனிக்காரரிடம் பேசிவிட்டாளாம். இரண்டு திட்டு வாங்கினாளாம்.

உட்கார் என்றேன். டீ போட்டேன். மன்னிப்பு, கின்னிப்பு எல்லாம் இரண்டு பேருக்கும் வராது என்று தெரிந்தது.

மே 15, வெள்ளி

போய்விட்டது. எட்டு நிமிஷமும். முடியோடு.

ஜூன் 24, புதன்

டிவிக்காரர்கள் இன்னும் ஆறு கதை கேட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜை இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட மகள்கூடப் பழகிவிட்டாள். முன்பணம் வந்ததும் உங்கள் ஓவர்லாக் மெஷின்தான் முதல் செலவு என்கிறாள் பேத்தி. பார்ப்போம்.

மத்தியானம் குழந்தையை வாங்கப் போனேன். இரண்டு பேரும் திரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கால் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் பேத்தியின் கையில் இடித்தாள். பேத்தி அவசரமாக மூடினாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். எண்ணைப் படிக்க ஆகாது. மூடுமுன் பார்த்துவிட்டேன். அதே சாமான். விலை, நான் கொடுத்ததில் பாதியைவிடக் கொஞ்சம் மேலே.

"என்னடி அது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல பாட்டி, விளம்பரம்."

அந்தப் பெண் குழந்தையின் சட்டைப் பட்டனை ரொம்பக் கவனமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே போட்டிருந்த பட்டன்தான்.

விளம்பரமா, சரி என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தேன்.